வேட்டைத் துவக்குக்கு மரச் சோங்கா, செயற்கைச் சோங்கா: எந்த வரிசையில் முடிவெடுப்பது

ஒன்ராறியோவில் புதிதாகத் துவக்கு உரிமம் எடுத்துவிட்டு முதல் ரைபிள் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி "மரம் நல்லதா, பிளாஸ்டிக் நல்லதா?" என்பதுதான். அது நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. அதை முதலில் கேட்டு, கடையில் அழகாகத் தெரிந்ததையோ மலிவாகக் கிடைத்ததையோ வாங்கி, நவம்பரில் மான் முன்னால் வந்து நிற்கும்போது ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) பாதி வட்டம் கறுப்பாகத் தெரிகிறது என்று சொன்னவர்களைப் பார்த்துவிட்டேன். அதனால் வரிசையை மாற்றி எழுதுகிறேன்.

சோங்கு என்று நான் சொல்வது தோளில் முட்டும் அடிப்பாகத்தை மட்டும் இல்லை. குழலுக்குக் கீழே ஓடும் முன்கட்டை, கை பிடிக்கும் கழுத்து, கன்னம் வைக்கும் மேடு, தோளில் படும் அடி எல்லாம் சேர்ந்த முழுக் கட்டையும்தான். இங்கே சொல்வதெல்லாம் போல்ட் வகை ரைபிளுக்கு, அதாவது கைப்பிடியுள்ள தண்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றுவதற்கு. மற்ற வகைகள் பலவற்றில் சோங்கு இரண்டு துண்டாக இருக்கும், கணக்கு வேறு.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வேட்டைக்கு உடுத்தும் தடித்த ஜாக்கெட், அதற்கு மேல் போடும் செம்மஞ்சள் மேலாடை, கையுறை. ஒரு அளவு நாடா. மடித்துக் குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையில் இழுத்துப் பார்க்க ஒரு ஐந்து டாலர் நோட்டு. திருகை எவ்வளவு இறுக்குகிறோம் என்று இஞ்ச்-பவுண்டில் அளவு காட்டும் சிறிய டார்க் டிரைவர். சோங்கை மாற்றப் போகிறீர்கள் என்றால் துவக்கின் கையேடும் வேண்டும், ஏனென்றால் திருகை எவ்வளவு இறுக்குவது என்பதைக் கையேடுதான் சொல்லும். டார்க் டிரைவரைப் பெரும்பாலோர் தேவையில்லாத செலவு என்று விட்டுவிடுகிறார்கள். ஏழாவது படிக்கு வரும்போது அது ஏன் என்று புரியும்.

1. முதலில் துவக்கு வெறுமை என்று உறுதி செய்யுங்கள்

பாதுகாப்பு வகுப்பில் சொல்லித் தந்ததுதான். துவக்கில் தோட்டா இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள், வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள், விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும், போல்ட்டைத் திறந்து தோட்டா உட்காரும் அறையையும் தோட்டாக்களை அடுக்கும் மகசினையும் கண்ணால் பாருங்கள். கடைக்காரர் பார்த்துவிட்டுத்தான் தந்தார் என்றாலும் நீங்களும் பாருங்கள். கீழே வரும் அளவெடுப்பில் துவக்கைத் தோளில் வைத்துக் கண்ணை மூடித் திறக்கச் சொல்லப் போகிறேன். அதற்குமுன் இதைச் செய்யாதவருக்கு அந்தப் படி இல்லை.

2. குளிர் உடுப்போடு அளவு பாருங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட இதில் நேரம் செலவழியுங்கள். விசையிலிருந்து சோங்கின் அடி நடுவரை உள்ள நீளம், தொழிற்சாலையிலிருந்து வரும் பெரும்பாலான ரைபிள்களில் 13.5 முதல் 13.75 அங்குலம் வரை இருக்கும். அது சராசரி உயரமுள்ள ஒருவர் மெல்லிய சட்டையோடு சுடுவதற்குச் சரி. நீங்கள் ஐந்தடி நாலு அங்குலம் என்றால், அதற்கு மேல் இரண்டு அடுக்கு கம்பளியும் ஜாக்கெட்டும் என்றால், அதே சோங்கு நீளமாகிவிடும். தூக்கும்போது அடி கக்கத்தில் துணியைப் பிடித்து இழுக்கும், தோளுக்கு வந்தபிறகும் தலை பின்னால் நிற்கும், ஸ்கோப்பில் முழு வட்டம் தெரியாது.

செய்ய வேண்டியது இதுதான். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, ஆகஸ்ட் மாதமாக இருந்தாலும் பரவாயில்லை, பாதுகாப்பான திசையில் துவக்கைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்து, இயல்பாக உணரும் இடத்தில் நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறங்கள். முழு வட்டம் தெரிந்தால் நல்லது. தலையை முன்னே தள்ள வேண்டியிருந்தால் சோங்கு நீளம், அல்லது ஸ்கோப் தள்ளிப் பூட்டியிருக்கிறது. கன்னத்தை எடுத்து நாடியை வைத்தால்தான் தெரிகிறது என்றால் கன்ன மேடு தாழ்வு. குறைந்தது ஐந்து தடவை செய்யுங்கள், முதல் தடவை உடம்பு தானாகவே சமாளித்துவிடும்.

முழங்கை மடிப்பில் அடியை வைத்து விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்க்கும் பழைய முறையை மட்டும் நம்பாதீர்கள். கழுத்து நீளத்தையோ ஜாக்கெட் தடிப்பையோ அது கணக்கில் எடுப்பதில்லை.

இந்த அளவுக்கும் மரம்-செயற்கைக் கேள்விக்கும் தொடர்பு உண்டு. மரச் சோங்கை ஒரு நல்ல துவக்குப் பட்டறையில் கொடுத்தால் அரை அங்குலம் வெட்டி ரப்பர் மெத்தையைத் திரும்பப் பூட்டித் தருவார்கள். உள்ளே வெறுமையாக வார்த்த பிளாஸ்டிக்கை வெட்டினால் மெத்தையின் திருகு பிடிக்க உள்ளே ஒன்றும் இருக்காது. ஆனால் சில செயற்கைச் சோங்குகளில் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் தட்டுகளும் உயரும் கன்ன மேடும் சேர்ந்தே வருகின்றன. வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையோடு துவக்கைப் பகிர்ந்துகொள்கிறீர்கள் என்றால் இந்த ஒன்றே முடிவைச் சொல்லிவிடும். பழைய மரச் சோங்குகளில் இன்னொரு விஷயம்: குழலின் மேலுள்ள இரும்புக் குறியைப் பார்த்துச் சுடுவதற்காகக் கன்ன மேட்டைத் தாழ்வாகச் செதுக்கியவை பல இருக்கின்றன. ஸ்கோப் பூட்டினால் கன்னம் அந்தரத்தில் நிற்கும்.

மடக்குச் சோங்கு தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கனடாவில், மடித்த நிலையிலும் சுடக்கூடிய துவக்கின் மொத்த நீளம் 660 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அது கட்டுப்படுத்தப்பட்ட வகைக்குள் போய்விடும். மான் வேட்டைக்கு அதைக் கொண்டுபோக முடியாது. வாங்குவதற்கு முன்பே அளந்து பாருங்கள்.

3. எந்தக் காட்டில், எந்த ஈரத்தில் என்று எழுதிக்கொள்ளுங்கள்

மரம் ஈரத்தை இழுக்கும், விடும். நார் ஓடும் நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு, குறுக்குவாக்கில்தான் ஊதும். முன்கட்டை குறுக்கே ஊதி ஒரு பக்கமாக வளைந்தால் குழலைத் தொடும். சுடும்போது குழல் அதிரும், அந்த அதிர்வில் ஒரு பக்கம் கட்டை முட்டினால் தோட்டா போகும் இடம் மாறும். மரச் சோங்கு "குறி தவறிவிட்டது" என்பதில் பெரும்பகுதி இதுதான்.

பெரி சவுண்ட் பக்கம் ஒரு நவம்பரில் மூன்று நாள் விடாமல் ஈரப்பனியும் மழையும். எங்கள் கூட்டத்தில் ஒருவருடைய வால்நட் மரச் சோங்கு ரைபிள், புறப்படுவதற்கு முதல் வாரம் 100 யார் தூரத்தில் நடுவில் அடித்தது, நாலாம் நாள் நாலு அங்குலம் இடப்பக்கம் போனது. ஸ்கோப்பைத்தான் எல்லாரும் குறை சொன்னோம். நோட்டை மடித்துக் குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையில் இழுத்தபோது நுனியிலேயே சிக்கியது. சோங்கைக் கழற்றினால் வெளிப்பக்கம் கண்ணாடிபோல் பளபளக்கிறது, உட்பள்ளம் ஒரு துளி எண்ணெயும் காணாத பச்சை மரம். வெளியே மட்டும் மெருகு பூசி உள்ளே விட்டிருந்தார்கள்.

ஆகவே நேர்மையாக எழுதுங்கள். வருடத்தில் ஐந்து நாள், மழை வந்தால் கூடாரத்துக்குள் இருப்பேன் என்கிறவருக்கு நன்றாக அடைத்த மரம் போதும், பல வருடம் உழைக்கும். படகில் ஏறி வடக்கே மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகிறவர், நாள் முழுக்க நனைந்தபடி நடக்கிறவர், இரவில் துவக்கைத் துடைக்கப் பொறுமை இல்லாதவர் செயற்கையை எடுக்கட்டும். கடைசியாகச் சொன்ன குணம் பழுது ஒன்றும் இல்லை, ஆனால் அதை மறைத்துக்கொண்டு வால்நட் வாங்கக் கூடாது.

4. எடையையும் உதையையும் சேர்த்துப் பாருங்கள்

இங்கேதான் "செயற்கை என்றால் லேசு, லேசு என்றால் நல்லது" என்ற எண்ணம் ஆளைக் கவிழ்க்கிறது. ஒரே தோட்டாவுக்கு உதையின் ஆற்றல் துவக்கின் எடைக்கு எதிர்விகிதத்தில் போகும். ஸ்கோப்போடு 4 கிலோ இருந்த ரைபிளை 3.2 கிலோவாக்கினால் உதை கால் பங்கு கூடும். 308 வின்செஸ்டர் தோட்டாவில் அது தாங்கக்கூடியது. அதைவிடப் பலமான 300 வின்செஸ்டர் மேக்னத்தில் லேசான கார்பன் சோங்கு போட்ட புதியவர் ஐந்தாவது தோட்டாவிலேயே கண்ணைச் சிமிட்டத் தொடங்குவார், அதன்பிறகு எந்தச் சோங்கும் அவரைக் காப்பாற்றாது.

எல்லாச் செயற்கையும் லேசும் இல்லை. சாதாரண வார்ப்புப் பிளாஸ்டிக்குக்கும் வால்நட்டுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் சில நூறு கிராம்தான். கார்பன் இழைச் சோங்கு உண்மையிலேயே லேசு. லாமினேட் மரம் வால்நட்டையும் விடப் பாரம். உயரமான மர மேடையில் உட்கார்ந்து காத்திருக்கிறவருக்குப் பாரம் ஒரு நன்மை. நாளுக்குப் பத்து கிலோமீட்டர் நடக்கிறவருக்கு அரை கிலோவும் பின்னேரத்தில் தெரியும்.

5. இரண்டில் ஒன்று என்று நினைக்காதீர்கள், ஐந்து வகை இருக்கிறது

பிளாஸ்டிக் வார்ப்புச் சோங்கு: மலிவான ரைபிள்களோடு வருவது. தண்ணீருக்குப் பயமில்லை, கீறல் விழுந்தாலும் மனம் நோகாது. பலவீனம் முன்கட்டையில். இரண்டு விரலால் குழலை நோக்கி அமுக்கினால் வளைந்து தொட்டுவிடும் அளவுக்கு மெல்லியவை பல. இதில் இரண்டு கால் தாங்கி பூட்டிப் பாரத்தைச் சாய்த்துச் சுட்டால் ஈர மரத்துக்கு வந்த அதே வியாதிதான் வரும். அடிப்பாகம் வெறுமை என்பதால் கிளையில் பட்டால் மேளம்போல் சத்தம் போடும். மெத்தையைக் கழற்றி உள்ளே பஞ்சுத் துண்டுகளை இறுக்கித் திணித்தால் சத்தம் அடங்கும். ஊதிப் பெருக்கும் நுரை அடிக்காதீர்கள், அது சுவரைத் தள்ளும்.

கண்ணாடி இழை அல்லது கார்பன் இழைச் சோங்கு: கையால் அடுக்கி ரெசினில் இறுக்கியது. விறைப்பு, ஈரத்தில் அசையாது, விலை அதிகம். சிலவற்றில் ஆக்‌ஷன் (போல்ட் ஓடும் உலோக உடல்) உட்காருவதற்கு உள்ளேயே அலுமினியத் தளம் வைத்திருப்பார்கள். மக்மில்லன், எச்.எஸ். பிரிசிஷன் போன்றவர்கள் செய்வது இந்த ரகம்.

லாமினேட்: மெல்லிய பேர்ச் தகடுகளைச் சாயமேற்றிப் பசையோடு அமுக்கியது. மரம்தான், ஆனால் தகடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் வளைவது மிகக் குறைவு. மரத்தின் சூடு கையில் வேண்டும், மழையிலும் போக வேண்டியிருக்கிறது, பணமும் கையைக் கடிக்கிறது என்கிறவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். பாரத்தை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வால்நட், பீச் போன்ற முழு மரம்: கையில் பிடிக்கும்போது வரும் உணர்வுக்கு ஈடில்லை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கிளையில் பட்டாலும் மெல்லிய சத்தம்தான். பராமரிப்பு கேட்கும்.

அலுமினியச் சட்டகம்: இலக்குச் சுடுகிறவர்களுக்கு அருமை. மைனஸ் இருபதில் உலோகத்தில் கன்னம் வைத்தவர் காட்டுக்கு அதைத் திரும்பக் கொண்டுபோக மாட்டார்.

6. வாங்கும்போது கண்ணால் பார்க்க வேண்டியவை

முழு மரம் என்றால் முதலில் கழுத்தைப் பாருங்கள். நார் கழுத்து வழியாக நேராக ஓட வேண்டும். குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் உதை வாங்கும்போதோ கீழே விழும்போதோ அங்கேதான் பிளக்கும். அடிப்பாகத்தில் சுருள்சுருளாக அழகான கோலம் இருக்கலாம், அங்கே அழுத்தம் இல்லை. புதியவர்கள் கோலத்தைப் பார்த்துக் காசு கொடுத்துவிட்டுக் கழுத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். பழைய துவக்கு என்றால் ஆக்‌ஷனின் வால் முடியும் இடத்துக்குப் பின்னால் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

அப்புறம், கேட்க முடிந்தால் ரப்பர் மெத்தையின் கீழே மரம் அடைபட்டிருக்கிறதா என்று கேளுங்கள். வெட்டு முகம் அங்கே திறந்திருக்கிறது. ஈரம் உறிஞ்சுவதில் அதற்கு நிகர் வேறு இடம் இல்லை.

பிளாஸ்டிக் என்றால் முன்கட்டையை அமுக்கிப் பாருங்கள், இரண்டு பக்கமும். நோட்டை மடித்துக் குழலுக்கு அடியில் நுனியிலிருந்து ஆக்‌ஷன் வரை இழுத்துப் பாருங்கள். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை: சில ரைபிள்களில், ரெமிங்டன் 700இன் சில வடிவங்களில் உட்பட, முன்கட்டை நுனியில் வேண்டுமென்றே ஒரு மேடு வைத்துக் குழலைத் தாங்க விட்டிருப்பார்கள். நோட்டு அங்கே நின்றால் பழுது என்று உடனே அரத்தைத் தூக்காதீர்கள். சுட்டுப் பாருங்கள், ஒரே இடத்தில் அடித்தால் விட்டுவிடுங்கள். சுரண்டி எடுத்ததைத் திரும்ப ஒட்டுவது பெரிய வேலை.

7. சோங்கை மாற்றுகிறீர்கள் என்றால், இந்த ஒழுங்கில்

முதலில் பொருத்தம். "ரெமிங்டன் 700க்கு" என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. குட்டை ஆக்‌ஷனா நெட்டை ஆக்‌ஷனா, அடி மூடிய மகசினா, திறக்கும் தட்டு உள்ளதா, கழரும் பெட்டியா, குழலின் தடிப்பு என்ன, இடக்கை ஆளா எல்லாம் பொருந்த வேண்டும். டிக்கா டி3 வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள்: உதையைத் தாங்கும் உலோக முட்டு ஆக்‌ஷனோடு சேர்ந்தில்லை, தனித் துண்டாகச் சோங்கில் உட்கார்ந்திருக்கும். பழைய சோங்கைக் கழற்றும்போது அது விழுந்து தொலைந்தாலோ புதியதில் வைக்க மறந்தாலோ துவக்கு சரியாக உட்காராது.

இரண்டாவது, முன்திருகையும் பின்திருகையும் கையால் மட்டும் பிடிக்க விட்டு, குழல்வாய் மேலே பார்க்க, அடி தரையில் நிற்க வைத்து, அடியை மெதுவாகத் தட்டுங்கள். ஆக்‌ஷன் பின்னால் போய் முட்டு சோங்கில் நன்றாகச் சாயும். இதைச் செய்யாமல் இறுக்கினால் முதல் சில தோட்டாக்கள்தான் ஆக்‌ஷனை அதன் இடத்துக்குத் தள்ளும், அதுவரை துளைகள் அலைந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது, முன்திருகு முதலில், பிறகு பின்திருகு. நடுவில் ஒன்று இருந்தால் அது கடைசி, இலேசாகப் பிடித்தால் போதும். உள்ளே திருகைச் சுற்றி உலோகத் தூண் இல்லாத மரத்துக்கும் சாதாரண பிளாஸ்டிக்குக்கும் பொதுவாக 35 முதல் 45 இஞ்ச்-பவுண்டு. அலுமினியத் தளம் உள்ளவற்றுக்கு 65 வரை போவார்கள். கையேடு வேறு எண் சொன்னால் கையேடுதான். தூணில்லாத மரத்தில் பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் மரம் நசுங்கும், நசுங்கியது மரம் காயும்போது இன்னும் தளரும், திரும்ப இறுக்குவீர்கள், இப்படியே வருடா வருடம் குறி நகரும்.

நாலாவது, ஒரு விரலைக் குழலும் முன்கட்டையும் சேரும் இடத்தில் வைத்துக்கொண்டு முன்திருகைத் தளர்த்தி இறுக்கிப் பாருங்கள். அசைவு விரலுக்கு நன்றாகத் தெரிந்தால் ஆக்‌ஷன் முறுக்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறது. எப்பொக்சி ஊற்றிப் பள்ளத்தை ஆக்‌ஷனின் அச்சாகப் படிய வைக்கும் பெடிங் வேலை தேவை என்று பொருள். முதல் தடவை அதை நீங்களே செய்யாதீர்கள். ஒட்டாமலிருக்கப் பூசும் மெழுகு ஒரு இடத்தில் விட்டுப்போனால் துவக்கும் சோங்கும் ஒன்றாகிவிடும்.

மரம் என்றால் இறுக்கும் முன்பே உட்பள்ளம், மகசின் ஓட்டை, மெத்தைக்குக் கீழ் மூன்றையும் எண்ணெயாலோ பாலியூரித்தேனாலோ மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை அடையுங்கள். ஒவ்வொன்றும் முழுக்கக் காய வேண்டும்.

8. சுட்டுப் பாருங்கள், வேட்டைக்கு ஒரு மாதம் முன்னராவது

சோங்கைக் கழற்றிப் பூட்டினால் குறி மாறும், அதே சோங்காக இருந்தாலும். அக்டோபர் கடைசியில் புதிய சோங்கு பூட்டி "பழைய குறிதானே" என்று போனவர்கள் காயப்பட்ட மானை இருட்டும்வரை தேடியதைப் பார்த்திருக்கிறேன், அதைவிட மனவருத்தமான பின்னேரம் வேட்டையில் இல்லை.

100 யாரில், மணல் பையில் முன்கட்டையை வைத்து, குழலை வைக்காமல், மூன்று மூன்றாகச் சுடுங்கள், நடுவில் குழல் ஆறட்டும். பிறகு முன்கட்டையைப் பையில் கொஞ்சம் முன்னே நகர்த்தி இன்னும் மூன்று. இரண்டு கூட்டமும் வெவ்வேறு இடத்தில் விழுந்தால் முன்கட்டை வளைகிறது. கடைசியாக வேட்டை ஜாக்கெட்டோடு, உட்கார்ந்து, வார் பிடித்துச் சுடுங்கள். வாரை இறுக்கி இழுக்கும்போது மெல்லிய பிளாஸ்டிக் என்ன செய்கிறது என்பது மேசையில் தெரியாது.

9. நனைந்தபிறகு

செயற்கைச் சோங்கு வைத்திருப்பவர்கள் செய்யும் பிழை, சோங்குக்கு ஒன்றும் ஆகாது என்பதால் துவக்குக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைப்பது. தண்ணீர் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில் தேங்கி நிற்கும், வெளியே தெரியாமல் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத உருக்குக் குழலும் முழுக்கத் தப்பாது. நாள் முழுக்க நனைந்தால் சோங்கைக் கழற்றித் துடைத்து, உலோகத்துக்கு எண்ணெய் தடவிப் பூட்டுங்கள். இலேசான தூறல் என்றால் வேட்டை நடுவில் கழற்றாதீர்கள், வெளியே துடைத்தால் போதும். கழற்றினால் மறுநாள் ஒரு தோட்டாவாவது சுட்டுக் குறியைச் சரிபார்த்துத்தான் காட்டுக்குள் போக வேண்டும்.

மரத்தை அடுப்புக்கோ ஹீட்டருக்கோ பக்கத்தில் காய வைக்காதீர்கள், வெளிப்பக்கம் மட்டும் சுருங்கி வெடிக்கும். அறையின் மூலையில் ஒரு நாளோ இரண்டு நாளோ நிற்கட்டும். கடுங்குளிரிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவரும்போது வெறுமையாக்கிய துவக்கைப் பையில் மூடியபடியே விட்டு, அறைச் சூட்டுக்கு வந்தபிறகு திறங்கள். உடனே திறந்தால் குளிர்ந்த உலோகமெங்கும் தண்ணீர் வியர்க்கும்.

இன்னொன்று, இரண்டு பக்கத்துக்கும் பொது: டீட் கலந்த கொசு மருந்து. அது பல பிளாஸ்டிக்குகளையும் மரத்தின் மெருகையும் கரைக்கும். கையில் தேய்த்துவிட்டு அப்படியே துவக்கைப் பிடித்தால் விரல் அடையாளம் சோங்கில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். மருந்தைப் புறங்கையால் தேயுங்கள், உள்ளங்கையைத் துடைத்துவிட்டுத் துவக்கைத் தொடுங்கள்.